குறுக்குவழி

பாகான் செராய், பஸ் ஸ்டேஷன் பின்வரிசை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.
குனிந்து உள்ளே வந்தார் சவரிராயன்,
செம்பனைத் தோட்டத்துப் பழைய கிராணி.
"ஃபைலு தொறக்க மாட்டேங்குது தங்கச்சி.
வேற புரோகிராம் போடணுமோ?"

போட்டுப் பார்த்தேன். பெயரை மாற்றினேன்.
வைரஸா என்று ஒருமுறை துடைத்தேன்.
'வீட்டுப்பட்டியல் கடைசி இதுதான் கடைசி'
எத்தனை தட்டினாலும்
மலாயில் அதே பதில்:
இந்தப் பொருள் இடம்பெயர்ந்திருக்கலாம்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது
படத்தின் கீழ் மூலையில்
அரிசியளவு ஓர் அம்பு.
எடை ஒரு கிலோபைட்.
நாற்பத்து மூன்று வீட்டார் இதில் எங்கே உட்காருவார்கள்?

அவர் நகலெடுத்தது கோப்பை இல்லை,
கோப்புக்குப் போகும் குறுக்குவழியை.
அது கைகாட்டும் ஆபீசைப்
புதுக் கம்பெனி போன மாதமே பூட்டியாயிற்று.
வாசலில் நேப்பாள ஜாகா;
இவர் யாரென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

சொன்னேன்.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"அப்ப, வழி தெரியுது. வீட்டுலதான் ஆளில்ல."

நாளை ஒன்பதுக்கு நில அலுவலகம்.
ஷட்டரை மறுபடி தூக்கினேன்,
வெற்றுத்தாள் ஒன்றைத் திறந்தேன்.
"ஒண்ணாம் நம்பர்?"
"செங்கோடன்... இல்ல, இரு.
அவன் மே மாசம் தவறிட்டான்.
தங்கச்சி பேரப் போடு, வள்ளியக்கா.
ஃபைல்ல அது மாத்தவே இல்ல."

ஏழாம் வீட்டுக்குப் பெயர் வரவில்லை.
நெற்றியைத் தேய்த்தார்.
"வான்கோழி வளத்தாங்களே, அவுங்க."
அப்படியே அடித்தேன்.
சேமித்தேன்.