நான்காம் காட்சிக்கான ஒலிக்குறிப்பு

காவேரிப்பட்டினத்தில் உரக்கடைக்கு மேல்மாடி.
சுவரெங்கும் முட்டை அட்டை, ஜன்னலுக்குப் பழைய மெத்தை.
ஃபேனை நிறுத்தினால்தான் ரெக்கார்டிங்.
ஆகவே எல்லாரும் வேர்த்து வடிந்தபடி
ஜமதக்னியின் ஆசிரமத்தில் இருந்தோம்.

ஈரமணலைக் குடமாக வனைந்து
தினமும் நீர் மொண்டு வந்த ரேணுகை
ஒருநாள் ஆற்றுக்குள்
எவனோ வானில் பறந்துபோன நிழலைப் பார்த்தாள்.
பார்த்தாள், அவ்வளவுதான்.
குடம் கரைந்தது.

கரையும் சத்தத்துக்குத் தென்பெண்ணைக்குப் போனோம்.
திம்மராஜ் மைக்கைப் பாலித்தீன் பையில் கட்டி
மணலைப் பிடிபிடியாக நழுவவிட்டான்.
பதினான்காவது பிடி நன்றாக விழுந்தது,
லாரி ஹாரனோடு.

கழுத்துக்கு அதிகம் அலைந்தோம்.
வாழைத்தண்டு குழைந்தது.
முட்டைக்கோஸ் சமையல் மாதிரி கேட்டது.
கடைசியில் பச்சைக் கரும்பை
நனைந்த துண்டில் சுற்றி ஒரே போடு.
ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுத் திம்மராஜ்
கீழே டீக்குப் போனவன்
அரைமணி நேரம் வரவில்லை.

பரசுராமனுக்கு எழுதுவது சுலபம்.
அப்பா சொன்னார், செய்தான்.
நாலு பக்க வசனம் ஒரே ராத்திரியில் வந்தது.
ரேணுகையின் இடத்தில்
(அலறுகிறாள்)
என்று மட்டும் எழுதியிருந்தேன்.
நானும் ஒரு பெண்தான்.

ரேணுகைக்கு மாதேஸ்வரி.
மாங்கூழ் கம்பெனியில் தோல் சீவுகிறவள்,
சீசன் முடிந்து வந்திருந்தாள்.
நகக்கண்ணில் இன்னும் மஞ்சள்.
மகளிர் குழுவில் கடன் பாக்கியை
அவள் வாசித்த குரலைக் கேட்டுக் கூப்பிட்டிருந்தேன்.

முதல் டேக்கில் கத்தினாள். சினிமாவாக இருந்தது.
இரண்டாவதில் இருமல்.
மூன்றாவதில் வாய் திறந்தது,
மீட்டரில் கோடு எழவேயில்லை.

"கத்த மாட்டாங்கக்கா" என்றாள்.
"பசங்க எழுந்துக்கும்.
அந்நேரம் டிவி சவுண்டு ஏறும். அவரே ஏத்துவாரு.
குக்கர் அது பாட்டுக்கு விசிலடிக்கும்.
பக்கத்து வீட்ல அவங்க டிவிய கம்மி பண்ணுவாங்க,
கேக்கறதுக்கு.
கொஞ்சம் கேட்டுட்டு
அவங்களும் ஏத்திக்குவாங்க.
அதான்க்கா சத்தம். அதப் புடிங்க."

யார் வீட்டில் என்று நாங்கள் கேட்கவில்லை.
முப்பது வருஷமாய்க் கூத்தில் இதே தலையைக் கேட்டு வாங்கியவர்,
எங்கள் ஜமதக்னி, மாரப்பன்,
தண்ணீர் பாட்டிலின் மூடியைத்
திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
அதுவும் பதிவாகியிருக்கிறது.

அன்றிரவு என் வீட்டு டிவி, மாடிவீட்டு டிவி, ஒரு குக்கர்.
சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் தணிகிறது.
ஒன்பது நொடி.
சத்தம் ஏறுகிறது.
கரும்பை அழித்துவிட்டான் திம்மராஜ்,
என்னைக் கேட்காமலே.

இன்னொருத்தி இருக்கிறாள் கதையில்.
ஓடிவந்த ரேணுகையைக் கட்டிக்கொண்டு
விடமாட்டேன் என்று நின்று
சேர்ந்து வெட்டுப்பட்டவள்.
உயிர் திரும்பியபோது
தலை இவளுக்கும் உடல் அவளுக்குமாக மாறிப்போனதாம்.
எல்லைக் கோயில்களில் தலைக்கு மஞ்சள் பூசுகிறார்கள்.
மற்றவளுக்குப் பெயரும் இல்லை.
குரல் யாருடையதாக இருந்திருக்கும்?
வெட்டு விழுந்த இடம்தானே குரலின் வீடு.

அவளுக்கு என்ன வசனம் கொடுப்பது
என்று ஒரு வாரம் பேனாவைக் கடித்தேன்.
பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாதேஸ்வரி
செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னாள்:
"ஒருவாட்டி பக்கத்து வீட்டம்மா
டிவிய ஏத்தலக்கா.
வந்து கதவத் தட்டிச்சு.
தோச மாவு இருக்கான்னு கேட்டுச்சு.
மணி பன்னண்டு."

ஐந்தாம் காட்சி இப்போது இப்படித் தொடங்குகிறது:
மூன்று தட்டு.
ஒரு பெண்குரல், மூச்சு வாங்க,
"தோசமாவு இருக்குதா?"

அதற்குமேல் இன்னும் எழுதவில்லை.
திம்மராஜ் நல்ல கீலுள்ள கதவு ஒன்றைத்
தேடிக்கொண்டிருக்கிறான்.
யார் திறக்கிறார்கள் என்று
தினமும் போனில் கேட்கிறான்.