லேசான சுற்று

அட்டையில் எழுத இடம் கொஞ்சந்தான்.
தொடக்கம்: கிளிநொச்சி, என் கடைவாசல்.
முடிவும் அதே வாசல்.
நடுவில் இரணைமடு.
தரம் என்றொரு கட்டம் இருந்தது,
அதை வெறுமையாக விட்டேன்.

கீர்த்தனன் ஓர்லியன்சில் பிறந்தவன்.
அங்கே ஆற்றங்கரையோடு ஒரு பாதையாம்.
காலையில் மிதிக்கத் தொடங்கினால்
பழைய பாலம், பழைய தேவாலயம், பழைய மணிக்கூடு,
மத்தியானத்துக்குள் புறப்பட்ட இடத்தில் ஐஸ்கிறீம்.
"எழுபது வயசுக்காரரும் ஓடுவினம் அக்கா, அவ்வளவு லேசு.
இஞ்சயும் அப்பிடி ஒண்டு இருக்கோ?"

என்னிடம் ஐந்து சைக்கிள்.
நாலு லுமாலா, ஒன்று பெயர் சுரண்டிப்போனது.
நாள் வாடகை எழுநூறு. காற்றடிக்கக் காசில்லை.
இருக்கு என்றேன்.

மேடு உண்டோ என்று கேட்டான்.
இந்தப் பக்கத்தில் மேடு குளக்கட்டு மட்டும்.
மற்றதெல்லாம் காற்று.
ஆடியில் சோளகம் எதிரே வந்து
காண்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்,
கொடுத்த கடனைக் கேட்க வந்தவன் மாதிரி.
போகும்போது கட்டிவிட வேண்டும்.
திரும்பும்போது வட்டியோடு முதுகில் தரும்.

திருவையாற்றுப் பக்கம் வாய்க்காலோடு போனோம்.
தண்ணீர் எங்களுக்கு எதிர்த்திசையில் வந்தது,
ஒற்றைச் செருப்பொன்றைச் சுமந்துகொண்டு,
அவசரமில்லாமல்.
தார் றோட்டின் பாதியில் நெல் காய்ந்தது.
மீதிப் பாதியை நாங்களும் ஒரு லான்ட்மாஸ்ரரும்
தலையசைத்துப் பங்கிட்டோம்.

"இதில எது அக்கா பழசு?"

யோசித்துக்கொண்டே மிதித்தேன்.
வங்கி புதிது. பள்ளிக்கூடக் கூரை புதிது.
பாலம் புதிது, பிள்ளையாரும் புதிது.
என் வீட்டுக் கதவுக்கு என் மகளைவிட வயது குறைவு.
கனகராயன் ஆறு மட்டும்
வளைந்த இடத்திலேயே இன்னும் வளைகிறது.
அதைச் சொல்ல மூச்சு வரவில்லை,
குளக்கட்டு ஏறிக்கொண்டிருந்தோம்.

கட்டில் நின்றபோது தண்ணீர் தூரத்தில் கிடந்தது.
ரியூப்பில் அமர்ந்தபடி ஒருவர் வலை இழுத்தார்.
துருசடியில் கொக்குகள், கூட்டம் முடிந்தும்
கலையாத ஆட்களைப்போல.
கீர்த்தனன் படமெடுத்தான்,
பிறகு எடுக்காமலும் கொஞ்சநேரம் பார்த்தான்.

வட்டக்கச்சிக்குத் திரும்புகிற வழியில்
சோளகம் அவன் தொப்பியைக் கழற்றிக் கொண்டுபோய்
றோட்டோரத்துப் பாலை மரத்தடியில் வைத்தது.
பன்னிரண்டு அடி இருக்கும்.
சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினான்.

"நில்லடா!"

என் குரலுக்கு மயிலொன்று எழும்பிப் பறந்தது.
அவன் ஒரு கால் தாரிலும்
ஒரு கால் கிரவலிலுமாக நின்றான்.

மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை
அங்கே இருந்தது, இப்போது இல்லை.
தேடி எடுத்து, துப்புரவென்று கையெழுத்திட்டு,
பலகையையும் கழற்றிப் பத்து வருடம்.
அப்பால் யாரோ கசு நட்டு,
அது காய்த்து, விற்றும் ஆயிற்று.

"மாடு மேயுது அக்கா," என்றான், மெதுவாக.

மேய்ந்ததுதான். இரண்டு, ஒரு கன்று.
ஆனால் இந்த வளைவில் என் சில்லு
ஒருநாளும் தாரை விட்டு இறங்கியதில்லை.
மழைக்கும் இல்லை. லொறிக்கும் இல்லை.
ஒருமுறை லொறிக்காரன் தகாத வார்த்தை சொன்னான்,
அதற்கும் இல்லை.

நான் போனேன்.
ஸ்ராண்ட் மணலில் நிற்காமல் சைக்கிள் விழுந்தது,
விழட்டும் என்று போனேன்.
சருகு சருகாகவே நொறுங்கியது.
தொப்பிக்குள் ஓர் எறும்பு,
நான் வந்ததைக் கவனிக்கவில்லை.
மரத்தடி இவ்வளவு குளிர்ச்சியாக இருக்குமென்று
இத்தனை வருடமும் பக்கத்தால் போன எனக்குத் தெரியாது.
தொப்பி எடுக்கத் தேவையான நேரத்தைவிட
அதிக நேரம் நின்றேன்.
பிறகு கூப்பிட்டேன்:
"வா, நிழல்."

திரும்பும்போது காற்று சொன்னபடி தந்தது.
பெடலில் கால் சும்மா இருந்தது.
ஊருக்குள் நுழையும்போது மின்சாரம் இல்லை,
ஐஸ்கிறீம் உருகிவிட்டதென்றார்கள்.
நெல்லிக் கிறஷ் குடித்தோம்.
எழுநூறுக்கு ஆயிரம் தந்து மிச்சம் வேண்டாமென்றான்,
முந்நூறையும் எண்ணிக் கொடுத்தேன்.

இரவு அட்டையை எடுத்தேன்.
பாலை மரத்தடியில் இறங்கி நிற்கலாம்.
தொப்பியை இறுக்கிப் போடவும்.
தரம்:
பேனையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் இலக்கச் சைக்கிளுக்கு
பிறேக் கட்டை மாற்றவேண்டும்,
அதை வேறு தாளில் எழுதினேன்.