ஒன்று பதினேழு

சென்னையில் மாலை ஐந்து என்றால்
பகாவில் ஏழரை.
வாய்ப்பாடே வராதவனும்
இந்த இரண்டரை மணியைப் பிழையில்லாமல் கூட்டுவான்.

காதர் பாவா தொழுகைக்குப் போகும்போது
ரிமோட்டை ரொட்டி வீசுகிறவனிடம் கொடுத்துவிட்டுப் போனார்.
பந்தாட்டத்துக்கென்று வாங்கிய திரை.
கீழ் ஓரத்தில் சாம்பார்க் கறை.
இரவு ஷிப்டுக்குப் போகவேண்டிய குணசீலன்
பூட்ஸ் காலோடு நிற்கிறான்,
செம்பனைப் பழம் வேகும் வாடையும் அவனோடு நிற்கிறது.

எங்களுக்கு நாயகன் முக்கியமில்லை.
பொய். முக்கியம்தான்.
அவன் கார்க் கதவை உதைத்துத் திறந்தபோது
விசிலில் தகரக்கூரை அதிர்ந்தது.
ஆனால் நாங்கள் காத்திருந்தது வேறொன்றுக்கு.

பிப்ரவரியில் மூன்று வேன்கள் வந்தன.
ஒரு கிரேன், குடை பிடிக்க மட்டும் ஒரு பையன்.
ஆலை வாசலில் நான் லோரிகளுக்கு எடை எழுதும் கூண்டைக்
கடத்தல்காரனின் அலுவலகம் ஆக்கினார்கள்.
என் நாற்காலியில் எனக்குப் பதில் ஒரு தாடி.
ஆளுக்கு எண்பது வெள்ளி, ஒரு பொட்டலம் நாசி லெமாக்,
முப்பத்தொரு பேரும் ஓடவேண்டும்.
எதைப் பார்த்து ஓடறோம் என்று கேட்டாள் வள்ளிக்கண்ணு.
பயந்து ஓடுங்க, அது போதும் என்றார்கள்.
பதினொரு தடவை பயந்தோம்.

திரையில் ஒரு தாய் அழுதாள்.
ரயில் வெடித்தது.
பிறகு வட்டம் சுற்ற ஆரம்பித்தது, சுற்றிக்கொண்டே இருந்தது.
மோடத்தை மேல தூக்குடா என்று யாரோ கத்த
யாரோ தூக்கினார்கள்.

ஒன்று பதினேழு.
செம்மண். என் கூண்டு. ஓடும் கால்கள்.
ஒன்று பத்தொன்பதில் முடிந்துவிட்டது.

யாரும் விசிலடிக்கவில்லை.
கல்லில் ரொட்டி கருகுவது கேட்டது.
பிறகு மொத்தக் கடையும்: திருப்பிப் போடு!

ஒன்பது முறை திருப்பிப் போட்டோம்.
அது என் தோள். அந்தச் சிவப்புச் செருப்பு என்னுது.
குணசீலனுக்குப் பிடரி மட்டும்.
முழு முகம் ஒன்றே ஒன்றுதான்,
நேபாளத்துத் தில் பகதூருக்கு.
வாய் பிளந்து, கண் பிதுங்கி,
நாயகனைவிடப் பெரிதாக.
அன்றைக்கு அவன் குடித்த ஆறு தேத்தண்ணிக்கும்
யார் காசு கொடுத்தார்கள் என்று தெரியாது.

படம் வந்த வியாழன் நான்கு காரில் சிரம்பான் போனோம்.
முதலில் வேறு படங்களின் முன்னோட்டங்கள்.
இருக்கை தேடுகிறவர்கள் கைப்பேசி வெளிச்சத்தோடு
குறுக்கே நடந்தார்கள்,
சோளப்பொரிப் பைகள் நொறுநொறுத்தன.
நான் முன்னால் நிற்பவர்களைப் பார்க்கவில்லை.
பின்னால், மங்கலில், ஏதோ ஒரு ஊர் சந்தையில்
கூடையோடு ஒருத்தி ஓடினாள்.
எத்தனை தடவை ஓடவிட்டார்களோ.

எங்கள் படம் இரண்டு மணி நாற்பத்தெட்டு நிமிடம்.
இடைவேளை வந்தது, போனது.
ரயில் வெடித்தது.
கடத்தல்காரன் கப்பலில் செத்தான்.
கூண்டு வரவே இல்லை.
பெயர்கள் ஓடி முடிந்து, விளக்கு போட்டு,
துடைப்பத்தோடு ஆள் வந்து நின்ற பிறகும்
குணசீலன் எழுந்திருக்கவில்லை.

கோலப்பிலா தாண்டும்வரை காரில் பேச்சில்லை.
எண்பது வெள்ளி வாங்கியாச்சில்ல, விடுங்க
என்றாள் வள்ளிக்கண்ணு.
சற்றுக் கழித்து, அவளாகவே,
முன்னோட்டத்தை யாரும் வெட்ட முடியாதுல்ல என்றாள்.

நவம்பரில் தில் பகதூரின் பர்மிட் முடிந்தது.
விமானத்துக்கு முதல் நாள் எடைக்கூண்டுக்கு வந்தான்.
என் கைப்பேசியில் ஒன்று பதினேழில் நிறுத்தி
அந்தப் பிளந்த வாயைக் காட்டிக் கேட்டேன்,
இவ்வளவு நல்லா எப்படிப் பயந்தே?

அவன் சிரித்தான்.
நடிப்பா அது, அக்கா.
பழம் ஏத்துன லோரி கோஸ்தான் வந்துச்சு.
யாரும் பார்க்கலை. எல்லாரும் காமிராவையே பார்த்தீங்க.

வெளியே ஹார்ன்.
அடுத்த லோரி மேடையேறி நின்றது.
பதினெட்டு டன் நானூறு.
எழுதுவதற்கு முன்
ஒருமுறை பின்னால் பார்த்தேன்.