ஒன்பது வினாடி

முன்பு ஒரு காலணிக் கடைக்கு எண்ணிக்கொண்டிருந்தேன்.
கூடையில் போட்டார்களா, பணம் கட்டினார்களா,
கட்டாதவர்கள் எந்தப் படியில் தடுக்கினார்கள்.
வந்த வேகத்தில் திரும்பியவர்களுக்குச்
சிவப்பு கொடுப்போம்.
சிவப்பு என்றால் நஷ்டம்.

இப்போது கௌனாஸ் நகரில்,
வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கான உதவித் தளம்.
பிப்ரவரி. நேமுனாஸ் ஆற்றில் பனிப்பாளங்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.
நிதி கொடுப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும்.

தளத்தின் வலது மூலையில் ஒரு பொத்தான்:
வெளியேறு.
அழுத்தினால் பக்கம் மறைந்து வானிலை வந்துவிடும்.
கௌனாஸ், மைனஸ் நான்கு, லேசான பனி.
கதவுப் பக்கம் காலடி கேட்டால்
அழுத்துவதற்கு.

வீத்தேனிஸ் திரையைப் பார்த்துச் சொன்னான்:
"நூற்றுக்கு அறுபத்தொரு பேர் ஓடிவிடுகிறார்கள்.
பக்கம் சரியில்லை."
நான் சிரித்திருக்கக் கூடாது.
இந்தக் கடையில், என்றேன்,
ஓடுவதுதான் கொள்முதல்.

அன்றிரவு வரிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.
ஒரே கைபேசி. பதினொரு நாள்.
ஒவ்வொரு முறையும் ஒன்பது வினாடி, பிறகு வானிலை.
பன்னிரண்டாம் நாள் நான்கு நிமிடம்.
உருட்டவில்லை, தொடவில்லை, எதையும் திறக்கவில்லை.
கருவியின் கணக்கில்: செயலற்ற வருகை.

நான்கு நிமிடம் ஒருத்தி என்ன செய்வாள்?
பேனா தேடியிருக்கலாம்.
தொலைபேசி எண்ணை மாவுப் பையின் ஓரத்தில்
எழுதியிருக்கலாம், அந்த வீட்டில் அவன் தொடாத
ஒரே பொருளில்.
அல்லது கைபேசியை அப்படியே போட்டுவிட்டுக்
குழந்தைக்கு மூக்குத் துடைக்கப் போயிருக்கலாம்.
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரியாது என்று எழுத
அறிக்கையில் கட்டம் இல்லை.

பதின்மூன்றாம் நாளுக்கு வரியே இல்லை.
மூன்று முறை புதுப்பித்தேன்.

அப்போதுதான் உறைத்தது.
எந்த நேரம், எந்தக் கைபேசி, எத்தனை வினாடி:
அவள் வீட்டில் இருப்பவனுக்கும்
இதே பட்டியல்தானே வேண்டும்?

காலையில் அடையாளங்களை அழித்தேன்.
கைபேசியின் பெயரை, மணியை, ஊரை.
வீத்தேனிஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.
"யார் திரும்பி வந்தார்கள் என்று இனி எப்படிச் சொல்வது?"
சொல்ல முடியாது, என்றேன்.
மிச்சம் வைத்தது இரண்டே எண்ணிக்கை:
தொலைபேசி எண் எத்தனை முறை திரையில் தெரிந்தது,
வெளியேறு எத்தனை முறை உடனே வேலை செய்தது.
இரண்டாவதற்குப் பச்சை கொடுத்தேன்.

பலன் எங்கே என்று நிதிக்காரர்கள் கேட்பார்கள்.
கேட்கட்டும்.
பொத்தானை நானே ஒருமுறை அழுத்திப் பார்த்தேன்.
மைனஸ் ஏழு, வடமேற்குக் காற்று.
ஆனால் பழைய கைபேசிகளில்
அரை வினாடி தாமதிக்கிறது.
அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன்.