மணி அடிச்சேன்லா

இரவுப் பணி முடிந்து
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில் பஸ் இறங்கி
சந்தைக்குப் போகும் மரச்சீனி லாரிக்கு வழிவிட்டு
வீடு சேரும்போது ஏழேகால்.
கதவு நான் பூட்டியபடிதான் இருக்கும்.
உள்ளேதான் ஏதாவது மாறியிருக்கும்.

ஒரு நாள், சொட்டும் குழாய் இறுக்கி மூடப்பட்டிருந்தது.
ஒரு நாள், நாள்காட்டியில் நேற்றைய தாளைக் காணவில்லை.
இன்னொரு நாள் மேசைமேல் பாதி வருக்கைச் சக்கை,
பிசின் ஒட்டாமலிருக்கத் தினத்தாளில் பொதிந்து.
சக்கை தேனாய் இனித்தது.
அதுதான் எனக்குச் சங்கடம்.

ரசலையன் சார் நல்லவர்.
மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர்.
வாடகை பத்து நாள் தாமதித்தாலும் முகம் சுளிக்கமாட்டார்.
"சிதல் அரிக்குதான்னு பாத்தேன் பிள்ளே."
"ஃபேன் ஓடிட்டுக் கெடக்குமோன்னு ஒரு பயம்."
காரணங்கள் அவரிடம்
துவைத்து மடித்துத் தயாராக இருக்கும்.

கொடியில் காயும் என் உள்ளாடைகளின் மேல்
இப்போதெல்லாம் ஒரு துண்டை விரித்துவிட்டுப் போகிறேன்.
யாருமில்லாத வீட்டில்
யாருமில்லாத நேரத்தில்
என் துணிக்கு நானே துணி போடுகிறேன்.

ஜோயலின் வக்கீல் நோட்டீஸ்
ஒரு வாரம் மேசையில்தான் கிடந்தது.
ஞாயிறு ஆராதனை முடிந்ததும்
கிறிஸ்டல் அக்கா என் கையைப் பிடித்து
"ஒனக்காக ஜெபிக்கேன்" என்றாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அன்றிலிருந்து அது அரிசி வாளிக்குள்.
அளந்து எடுக்கும்போது விரலில் இடிக்கும்.

வாடகைப் பத்திரத்தை எடுத்துக் காட்டினேன்.
ஆறாவது ஷரத்து: மராமத்துக்காக உள்ளே வருவதானால்
ஒரு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டியது.
கீழே அவர் கையெழுத்து, வால் நீண்டு.
"ஆதாரம் எழுதுறவன் சும்மா எழுதுறது.
நீ எனக்க மவ மாதிரில்லா."
மகள் வீடென்றாலும் என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.
கானடாவிலிருக்கும் மகள் நாலு வருடமாகப் போன் எடுப்பதில்லை.
இது எனக்குத் தெரியும் என்பது
அவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழையில் வழுக்கி விழுந்தார்.
எங்கள் ஆஸ்பத்திரி, என் வார்டு, என் இரவு.
மூன்று மணிக்கு விரிப்பு நனைந்திருந்தது.
பச்சைத் திரைக்கு வெளியே நின்று
"சார், உள்ள வரட்டா?" என்று கேட்டேன்.
எல்லோரிடமும் கேட்பதுதான்.
அன்று, பதில் வந்த பிறகும்
ஒரு மூச்சு கூடுதலாக நின்றேன்.
அதை மறைக்கமாட்டேன்.
"போர்வையை விலக்கட்டா?"
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தலையசைத்தார்.
அங்கே பார்த்ததை
இந்தக் கவிதையிலும் வைக்கமாட்டேன்.

கார்த்திகையில் கம்பூன்றி நடக்கத் தொடங்கினார்.
பகல் பதினொன்று, என் நடுச்சாமம்.
அழைப்புமணி அடித்தது.
முதல்முறையாக அடித்தது.
எழுந்து, நைட்டிக்கு மேலே போடத் துண்டு தேடி
நாலடி வைப்பதற்குள்
பூட்டுக்குள் சாவி திரும்பியது.
கதவிடுக்கில் கம்பு, அப்புறம் செருப்பு,
அப்புறம் ஒரு சீப்பு மட்டிப்பழம்.
"மணி அடிச்சேன்லா?" என்றார்.
உண்மைதான். அடித்தார்.

சாயங்காலம் ஒரு கொண்டி வாங்கினேன், எழுபது ரூபாய்.
மூன்று திருகாணி இறங்கியபின் நினைவு வந்தது
ஏழாவது ஷரத்து: உரிமையாளர் அனுமதியின்றி
சுவரிலோ கதவிலோ ஆணி அடிக்கக் கூடாது.
நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம் அதையும் முறுக்கினேன்.

நான் உள்ளே இருந்தால் மட்டும்
வேலை செய்யும் கொண்டி.
ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது
அது சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.
நோட்டீஸ் இன்னும்
அரிசிக்குள்தான்.