ஏழாம் குழி

கீழ்த்தளத்தில் குழாய் வெடித்ததால்தான்
இந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது.
"கோல்ஃப், 1949–62" என்று யாரோ மையில் எழுதி,
"தூக்கிப் போடலாமா?" என்று வேறு யாரோ
பென்சிலில் கேட்டிருந்தார்கள்.
பதில் யாரும் எழுதவில்லை. அதனால் பிழைத்தது.

நனைந்த அட்டைகளை ஒற்றுத்தாள்களுக்கு நடுவே வைத்து
மின்விசிறியைச் சுழலவிட்டேன்.
மூன்று நாள் அறை முழுக்க
மழையில் நனைந்த நாயின் வாடை.

மேற்குக் கான்சஸில் அப்போது
புல்லுக்கு விடத் தண்ணீர் இல்லை.
குழியைச் சுற்றி, பழைய எஞ்சின் எண்ணெய் கலந்த மணல்.
பந்தை உருட்டும் முன் இரும்புக் குழாயை இழுத்து
அதற்கொரு பாதை போட்டுக்கொள்வார்களாம்.
படம் ஒன்றில் ஐந்து பையன்கள்,
கால்சட்டை முழங்கால் வரை கறுப்பு.
பின்னால் நிற்கும் பஸ்ஸில் 'டென்பி கல்லூரி',
இடம் போதாமல்
கடைசி எழுத்து கதவுப் பக்கம் வளைந்திருக்கிறது.

மாடிக் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால்,
கல்லூரி வென்ற ஒரே கோல்ஃப் கோப்பை.
1957, மே. வென்றவன் வெண்டல் ஷ்ராக்.
வித்தியாசம் ஓர் அடி.
அந்த இடத்தில் நின்று நானே சொல்லியிருக்கிறேன்,
"ஒரே ஓர் அடி!" என்று,
புது மாணவர்களின் பெற்றோர் தலையாட்ட.

அந்த ஆட்டத்தின் அட்டை கீழிருந்து நாலாவது.
காய்ந்ததும் விளக்கின் முன் பிடித்தேன்.
ஏழாம் குழியில் ஒரு நாலு.
நாலின் அடியில்,
அழிரப்பர் தின்றது போக,
ஓர் ஐந்து.

கூட்டிப் பார்த்தேன். விரல்விட்டும் பார்த்தேன்.
ஐந்தென்றால் ஆட்டம் சமன்.
சமனென்றால் கோப்பையில் பாதி.
பித்தளையை எங்கே அறுப்பது?

குறைந்தவன் வெல்லும் ஆட்டம் இது.
இதில் ஒரு வழக்கம்:
உன் கணக்கை உன்னோடு ஆடுபவன் எழுதுவான்,
நீ கையெழுத்து மட்டும் போடுவாய்.
ஆக, அந்த ஐந்தை அழித்தவன்
அதனால் தோற்றவன்.

இதை மூன்று முறை எனக்கே சொல்லிக்கொண்டேன்.
காப்பி ஆறிவிட்டது.

வெண்டல் இறந்து பதினோரு வருடம்.
எழுதியவர் இருக்கிறார்: ஆர்லிஸ் நீவல்,
எண்பத்தெட்டு வயது, அமரில்லோவில் மகள் வீட்டில்.
நான் ஏதோ விற்க வந்தவள் என்றே முதலில் நினைத்தார்.
அப்புறம் வெகுநேரம்
தொலைபேசியில் மூச்சு மட்டும்.

"காத்தா இருக்கும். அந்தப் பக்கம் எப்பவும் காத்துதான்.
பந்து தானா நகர்ந்திருக்கும்.
தன் மேல தானே ஓர் அடி ஏத்திக்கிற ஆளு அவன்.
வேண்டாம்னு நான்தான் அழிச்சேனோ,
இல்ல, தப்பா எழுதித் திருத்தினேனோ...
ஞாபகம் இல்லம்மா.
அவன்கிட்ட ரெண்டு சாண்ட்விச் இருந்தது. முட்டை.
ஏழாவதுல ஒண்ணை எனக்குக் குடுத்தான்.
எங்க கோச் எங்க சாப்பாட்டுக் காசை
முந்தின ராத்திரி சீட்டாட்டத்துல விட்டிருந்தாரு.
அதை எழுதிக்கிறீங்களா?"

எழுதிக்கொண்டேன்.

அட்டையை நகலெடுத்தபோது
'கறைகளை நீக்கவா?' என்று கணினி கேட்டது.
இல்லை என்று அழுத்தினேன்,
தேவைக்கு மேல் பலமாக.
பட்டியலில் இப்படிப் பதிந்தேன்:
ஏழாம் குழி, நான்கு. அடியில் ஐந்து.
காரணம் தெரியவில்லை.
இடது ஓரத்துக் கறை எண்ணெயாக இருக்கலாம்,
முட்டையாகவும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை மறுபடி கோப்பை முன் நின்றேன்.
"ஒரே ஓர் அடி" என்றேன்.
அதற்குமேல் வார்த்தை வரவில்லை.
ஒரு தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
அவர் மகன் மட்டும்
கோப்பையை விட்டுவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.