ஏழாவது டேக்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி, ஆறாவது தளம்.
என் துணி அலமாரியைக் காலிசெய்து
அதற்குள் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினோம்.
சேலைகள் மூன்று நாள் கட்டிலில் கிடந்தன.
டெரன்ஸ் ரொசாரியோ தரையில் உட்கார்ந்து
கால் பெருவிரலால் தாளம் எண்ணிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமைகளில் அவன் ஜாஸ்.
சூலியா தெருவில் எட்டு மேசை மதுக்கடை,
மூன்று பேர் கேட்பார்கள், மற்றவர்கள் கோழி சாப்பிடுவார்கள்.
சனிக்கிழமை ஃபெர்ரி ஏறினால் பட்டர்வொர்த்தில் ராக்.
அங்கே ஒலிமேசையின் சிவப்பு விளக்கு
எரியாமல் பார்ப்பது என் வேலை,
எரிய வைப்பது அவன் வேலை.
ஞாயிறு காலை மாதா கோயிலில் அதே கிட்டார்,
சீருடை கழற்றிய போலீஸ்காரன் மாதிரி அடக்கமாக.

எதிலும் நிலைக்க மாட்டான் என்றார்கள்.

நான் பகலில் பாயான் லெப்பாசில் சிப் சோதிக்கிறவள்.
எட்டு மணி நேரம் நுண்ணோக்கிக்குள் பிழை தேடிவிட்டு
வேறு எதைக் கேட்டாலும் அதையே தேடுவேன்.
மூன்று இடத்திலும் ஒரே கைதான்.
நரம்பை வளைக்கும்போது
சேரவேண்டிய சுரத்துக்கு ஒரு நூல் முன்னால் நின்று
கதவைத் தட்டலாமா என்று யோசிப்பான்.
ஜாஸில் அந்த யோசனை நீளம்.
ராக்கில் யோசித்துக்கொண்டே உடைப்பான்.
கோயிலில் தட்டாமலே திரும்பிவிடுவான்.

ஏழாவது டேக்.
முதல் ஆறும் சரியாகத்தான் இருந்தன,
அதுதான் குறை.
மூன்றாவது நிமிடத்தில் கீழே லாரி நுழைந்தது.
சூராட் காபார் லாமா, பெசி பூரோக், பேட்டரி...
தேய்ந்துபோன பதிவு.
ஒவ்வொரு சுற்றிலும் அந்த 'லாமா' மட்டும்
அரைச் சுரம் சறுக்கிக் கீழே விழும்.

நிறுத்து என்று கையைத் தூக்கினேன்.
அவன் கண் மூடியிருந்தது.
விழுந்த லாமாவைத் தரையில் படுமுன் பிடித்தான்.
பிடித்து, திருப்பிக் கேட்டான்,
தராசுக்காரனிடம் எடை கேட்கிற மாதிரி.
லாரி பதில் சொன்னது.
அதற்கு ஒரே பதில்தான் தெரியும்,
இவனிடம் இருபது கேள்வி இருந்தது.
பெசி பூரோக் என்றதும்
நிஜமாகவே இரும்பை எடுத்தான்,
மிதியை அழுத்தி, துருவோடு.
எதிர்வீட்டு மேடம் கூய் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
பிறகு திறந்தாள்.
நான்காம் புளோக்குக்குப் பின்னால் லாரி திரும்ப,
அவனும் மெலிந்துகொண்டே போனான்.
யார் யாரை வழியனுப்பினார்கள் என்று
ஒலிமேசை முள்ளுக்குத் தெரியவில்லை.

தூக்கிய கை அப்போதும் மேலேயே இருந்தது.

எதையும் வெட்டவில்லை.

இணையத்தில் ஏற்றப் போனால் ஒரு கட்டம்:
இசையின் வகை, ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கவும்.
இறங்கி இறங்கிக் கடைசியில் 'மற்றவை'.
டெரன்ஸ் சிரித்தான்.
அப்பா யுரேஷியன், அம்மா பாகான் டாலாம் தமிழச்சி.
"பள்ளிக்கூடப் பாரத்திலேயும் எனக்கு இந்தப் பெட்டிதான்,
லாயின்-லாயின்.
உள்ளே நல்லாக் காத்து வரும்."

இருநூறு குறுந்தட்டு அடித்தோம், அறுபத்திரண்டு போயின.
இணையத்தின் முதல் காலாண்டுக் கணக்கு
இரண்டு ரிங்கிட் பதினான்கு சென்.
ஒரு கோப்பி ஓ வாங்கி
இரண்டு கிளாசில் ஊற்றிக் குடித்தோம்.

இன்று எனக்கு விடுப்பு.
அவன் ஈப்போவில், ஒரு கல்யாண மண்டபத்தில்,
நாதஸ்வரத்துக்கும் டீஜேக்கும் நடுவே நாற்பது நிமிடம்.
அரிசி களைந்துகொண்டிருக்கிறேன்.
லாரி வருகிறது.
சறுக்குகிறது அந்த லாமா.
குழாயை மூடிவிட்டுக் காத்திருக்கிறேன்,
அது பிடிக்க ஆளில்லாமல்
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே போய் விழுகிறது.

எதிர் ஜன்னலில் மேடம் கூய்.
காற்றில் இல்லாத நரம்பைச் சுண்டி
எங்கே என்று புருவம் உயர்த்துகிறாள்.
ஈப்போ, என்கிறேன்.
தலையாட்டிவிட்டு
பழைய பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு
லிஃப்டுக்கு ஓடுகிறாள்.